பட்டாளம் போன பிறகு வந்த கிறிஸ்துமஸ்

எபி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. எனக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை. அதனால் உன் அக்கா கிரேஸ் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும்வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து கைகால் கழுவிவிட்டு வாசித்துக் காட்டினாள். குண்டக்கல்லில் சர்க்கரை கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்கும்படியாக இல்லை, பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வழியில்லை என்று எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸ் அன்று காலையிலிருந்து இரவு வரை உனக்கு ஸ்டேஷனில் டியூட்டி என்றும், சண்டைக் காலத்தில் லீவு கேட்க வந்துவிட்டாயா என்று மேலதிகாரி கேட்டார் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், "ஆகையால் இந்த வருஷம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இல்லை" என்று முடித்திருந்தாய். அதைக் கேட்டு மருமகள் ஸ்டெல்லா அழுதாள் என்று ஒரு வரி. கிரேஸ் அந்த வரியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு இன்றைக்குத்தான் அவளை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது.

உனக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. உனக்கே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். விலைவாசி என்னவென்று என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொள் என்று சொல்கிற ஆட்களைக் கண்டால் எனக்கே ஆகாது. ஆனால் உன் கடிதத்தைக் கேட்டபோது ஒரு கிறிஸ்துமஸ் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீயும் அந்த வீட்டில்தான் இருந்தாய். ஆறு வயது. உனக்கு அது நினைவிருக்காது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் அவரைக்காய் உரித்தது மட்டும் இருக்கலாம். உன்னிடம் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் அதில் இருக்கிறது.

நீ பிறந்தபோது நான் இங்கே பெங்களூர்த் தண்டில் ஒரு பட்டாளத்து ஆபீசர்கள் மெஸ்ஸில் குசினிக்காரன். கண்டோன்மென்டை நாங்கள் தண்டு என்றுதான் சொல்வோம். மெஸ்ஸில் எனக்கு மேலே ஜோசப் அண்ணன் என்று ஒரு பட்லர் இருந்தார். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். கிறிஸ்துமஸ் என்றால் மற்றவர்களுக்குப் பண்டிகை, எனக்கு அது வேலை. நவம்பரிலேயே உலர்ந்த திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் பிராந்தியில் ஊற ஆரம்பித்துவிடும். வான்கோழிகளைத் தனியாக அடைத்துத் தீனி போடுவோம். பண்டிகைக்கு முந்தின நாள் விடியுமுன் வீட்டிலிருந்து கிளம்பினால், பண்டிகைக்கு மறுநாள் வெயிலேறித்தான் திரும்புவேன். மிச்சமான கேக்கை ஜோசப் அண்ணன் ஒரு காகிதத்தில் சுற்றித் தருவார். அதை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம் வரை தூங்குவேன். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் அன்றுகூட நான் உன் அம்மாவோடு கோயிலுக்குப் போனதில்லை. கிரேஸையும் உன்னையும் அவள்தான் விடியற்காலையில் எழுப்பி, பனியில் தலைக்குத் துணி கட்டி, லாந்தரைப் பிடித்துக்கொண்டு ஆராதனைக்குக் கூட்டிப் போவாள். அது எனக்குக் குறையாகவே படவில்லை. சம்பளம் வந்தது, வீட்டில் கேக் இருந்தது. வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

போன சண்டை ஆரம்பித்த மறுவருஷத் தொடக்கத்தில் அந்தப் பட்டாளம் ரயிலேறிப் போய்விட்டது. ஸ்டேஷன் வரை பேண்டு வாசித்துக்கொண்டு போனார்கள். மெஸ்ஸைப் பூட்டினார்கள். பதிலுக்கு வந்தவர்கள் சின்னக் கூட்டம், சமையலுக்கும் கூடவே ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். பட்டாளம் திரும்பி வந்துவிடும், வந்ததும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள் என்று நான் முதலில் வேறு வேலையே தேடவில்லை. அப்புறம் தேடியபோது தண்டில் பாதிப்பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். பங்களாக்களில் துரைசானிகள் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணச் சமையல், ஒரு நாள் விறகு மண்டியில் தூக்குக் கூலி, இப்படி அந்த வருஷம் ஓடியது. உன் அம்மா ஒரு தையற்கடையிலிருந்து சட்டைகளை வாங்கிவந்து காஜா எடுத்துக் கொடுப்பாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழி வளர்த்தாள். அப்போது நாம் காக்ஸ் டவுன் ஓரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஜட்கா ஓட்டுகிற பாஷா பாய். ஆபீசர்கள் போனதும் அவருக்கும் சவாரி போய்விட்டது. வாசலில் குதிரையும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அடுப்படியில் எதையோ தேடப்போய், அலமாரிக்கு அடியில் ஒரு கலயத்தைப் பார்த்தேன். திறந்தால் அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று எடுத்து வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, உனக்குத் தெரியும். பண்டிகையன்று அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஆனால் நாம் ஒரு வேளை கேழ்வரகுக் கூழும் ஒரு வேளை சோறுமாக இருந்த சமயத்திலும் அவள் அதை விடாமல் எடுத்து வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்ம பிள்ளைங்களுக்கே இல்லாதப்போ இத யாருக்குடி எடுத்து வெச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"அது நம்மளுது இல்லீங்க," என்றாள். "ஆண்டவருக்குன்னு எடுத்தது."

"ஆண்டவர் பசியா இருக்காரா? நாமதான் இருக்கோம்."

அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "வயித்துக்கு இல்லன்னு இத எடுத்துப் பொங்கினா ரெண்டு நாள் வரும். அப்புறமும் இல்லதான். எடுத்து வெக்கும்போது, குடுக்கறதுக்கு நம்மகிட்டயும் ஒரு பிடி இருக்குதேன்னு எனக்கு ஒரு தெம்பு வருது. அதையும் எடுத்துட்டா எனக்கு இன்னா இருக்குது?" என்றாள். சண்டைபோடுகிற குரலே இல்லை. கலயத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது என்று சொல்லமாட்டேன்.

டிசம்பர் பிறந்ததும் ஜோசப் அண்ணன் வந்தார். நல்ல கோட்டு, புது செருப்பு. கடல் தாண்டிப் போகிற பட்டாளத்துக்குச் சமையல் ஆட்களைச் சேர்த்துக் கொடுக்கிற வேலையில் அவர் இறங்கியிருந்தார். அவரும் கூடவே போகிறார். "தம்பி, பழைய பட்டாளம் திரும்பி வரும்னு வாசலப் பார்த்துக்கினு உக்காந்திருக்கியா? அது வராது," என்றார். "பஸ்ராவுக்குக் கப்பல் போவுது. குசினி வேலைதான், துப்பாக்கி தூக்க வேணாம். கையெழுத்துப் போட்டதும் முன்பணம், அப்புறம் மாசாமாசம் வீட்டுக்கே பணம் வந்துடும். உன் வெள்ளைக் கோட்டு ரெண்டையும் எடுத்துக்கோ, போதும். பண்டிகை முடிஞ்ச மறுநாள் வரேன், அப்போ சொல்லு." எவ்வளவு காலம் என்று கேட்டேன். "சண்டை முடியற வரைக்கும்," என்றார். சண்டை எப்போது முடியும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் வாசல் தாண்டும்போதே என் மனதில் நான் கப்பலேறிவிட்டேன். வேறு வழி என்ன இருந்தது? உன் அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கும் அதற்கு அடுத்த நாட்களிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பண்டிகை வாரத்தில் ஒரு நாள் விறகு மண்டியிலிருந்து வீட்டுக்கு வந்தால், நடுவீட்டில் என் வெள்ளைக் கோட்டுகள் இரண்டும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அவள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறாள். கிரேஸ் பக்கத்தில் ஊசியில் நூல் கோத்துக்கொடுக்கிறாள்.

"இன்னா காரியம் பண்ணிட்டே? இதில்லாம பஸ்ராவுக்கு இன்னாத்தப் போட்டுக்கினு போறது?"

"பிள்ளைங்களுக்குப் பண்டிகைக்குத் துணி இல்லீங்க," என்றாள். தலையைத் தூக்கவில்லை. "போறவங்களுக்கு சர்க்கார்ல கோட்டு குடுக்காமயா இருப்பாங்க? அப்பிடி போவலன்னா, இங்கியே இருக்கறவங்களுக்கு கோட்டு எதுக்கு?"

அதுதான் பஸ்ரா யோசனைக்கு அவள் சொன்ன பதில் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. துணி போயிற்றே என்று கத்தினேன். கனத்த டிரில் துணி, சீமைத் துணி. அதில் உனக்கு ஒரு சட்டையும் கிரேஸுக்கு ஒரு கவுனும் ஆயின. கவுனின் முன்பக்கம் மஞ்சள் கறை ஒன்று எத்தனை வெளுத்தும் போகாமல் இருந்தது. அதன்மேல் சிவப்பு நூலில் ஒரு பூ போட்டாள். ஒரு பூ தனியாக இருந்தால் கறையை மறைக்கப் போட்டது என்று தெரிந்துவிடுமாம், சுற்றிலும் இன்னும் சில பூக்கள் போட்டாள். இதைச் சொல்லும்போது கிரேஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அந்தக் கவுனப் பார்த்து ஸ்கூல்ல எல்லாரும் எந்தக் கடையில வாங்கினேன்னு கேட்டாங்கப்பா," என்கிறாள். அதையும் எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையில் உன் அம்மா உங்கள் இருவரையும் எழுப்பும்போது நானும் எழுந்தேன். போக வேறு இடம் இல்லை. பனி இறங்கி ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நீ தூக்கக் கலக்கத்தில் என்னைப் பார்த்து, "அப்பா, நீ மெஸ்ஸுக்குப் போகலியா?" என்று கேட்டாய். இல்லை, கோயிலுக்கு வருகிறேன் என்றதும் உனக்குத் தூக்கம் போய்விட்டது. என் கையை விடவே இல்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "எங்கப்பாவும் வராரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்கு வெட்கமாக இருந்தது. வேலையில்லாதவன் என்று ஊரறிய விளம்பரம் செய்துகொண்டு வருகிறானே என்று நினைத்தேன். உன் அம்மா தலையில் அரிசிக் கலயத்தோடு முன்னால் போனாள்.

ஆராதனையில் பாட்டு ஆரம்பித்தபோது முதல் வரி எனக்கு வாயில் வரவில்லை. சின்ன வயதில் மனப்பாடமாகப் பாடிய பாட்டு. இரண்டாவது அடியில் பிடித்துக்கொண்டேன். என் குரலைக் கேட்டு நீ அண்ணாந்து பார்த்தாய். பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். அந்த வருஷங்கள் முழுவதும் அந்த மணி நேரத்தில் நான் வான்கோழிக்குள் மசாலா அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கே இவர்கள் மூவரும் நான் இல்லாமல் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெரிய பக்தி ஒன்றும் வந்துவிடவில்லை, எபி. இதை நான் பார்த்ததே இல்லையே என்று மட்டும் தோன்றியது.

காணிக்கை நேரத்தில் பெண்கள் வரிசையாகப் போய்ப் பெரிய கூடையில் அரிசியைக் கொட்டினார்கள். உன் அம்மாவும் கொட்டிவிட்டு வெறுங்கலயத்தோடு வந்தாள். ஆராதனை முடிந்து வெளியே வந்து நாலு பேரிடம் பேசிக்கொண்டு நிற்கும்போது போதகரம்மா எங்களைத் தேடி வந்தார். முந்தானைக்குள் ஒரு துணி மூட்டை. உன் அம்மாவை ஒரு ஓரமாகக் கூப்பிட்டு, மெதுவான குரலில், "தப்பா நெனச்சிக்காதேம்மா. இந்த வருஷம் கஷ்டப்படற குடும்பங்களுக்குக் கொஞ்சம் அரிசி குடுக்கறோம். உங்க வீட்டுக்காரருக்கும் வேலை இல்லன்னு கேள்விப்பட்டேன்," என்று அதைக் கையில் வைத்தார். எனக்குக் காது வரை சுட்டது. மெஸ்ஸில் எத்தனை மூட்டை அரிசியைக் கையாண்டவன் நான், இப்போது கோயில் வாசலில் தர்ம அரிசி. வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "ரொம்ப ஸ்தோத்திரம்மா," என்றாள்.

கோயில் மதிலைத் தாண்டியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நின்று, மூட்டையைக் கலயத்துக்குள் போட்டு, வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம். "எதுக்குடி சிரிக்கிறே?" என்றேன். "நான் போட்டதுதாங்க இது," என்றாள். "கூடையில மேலாப்பல இருந்தது என்னுதுதான். நொய்யி கலந்திருக்குது பாருங்க, நம்ம கடை அரிசி. நான் ஆண்டவருக்குக் குடுத்தேன், அவர் வாங்கிக்கினு, இந்தாம்மா நீயே பொங்குன்னு திருப்பிக் குடுத்துட்டாரு." கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நீங்கள் இருவரும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தீர்கள். கொஞ்ச நேரம் விறைப்பாக நடந்து பார்த்தேன், முடியவில்லை. கொடுத்தபோதும் அவள் தலை குனியவில்லை, வாங்கியபோதும் குனியவில்லை. வாங்குவது கேவலம் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யாருமில்லை. நானாகவே வைத்துக்கொண்டதுதான்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பாஷா பாய் ஒரு கூடை அவரைக்காயோடு நிற்கிறார். சவாரி போனபின் ஜட்காவில் கிராமத்துக் காய்கறியை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து போடுகிற வேலையை அவர் பிடித்திருந்தார். சில நாள் கூலிக்குப் பதில் காயே கிடைக்கும். "அண்ணே, இன்னிக்கு உங்க பெரிய நாளு, படா தின் இல்லியா? இத வெச்சிக்கோங்க. எங்க வீட்ல நாலு நாளா இதேதான், என் பொஞ்சாதி இனிமே அவரைக்காயோட வந்தா உள்ளேயே விடமாட்டேன்னுட்டா," என்றார். வாங்கிக்கொண்டேன். மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டேன் என்பதைக் கவனி. பனிபட்ட பெங்களூர் அவரைக்காயின் வாசனை உனக்குத் தெரியும். அதை உரித்து, ஊறவைத்து, தோலைப் பிதுக்கிப் பருப்பை எடுத்துக் குழம்பு வைப்பது என்று முடிவாயிற்று. நாலு பேரும் ஒரு அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து பிதுக்கினோம். நீ பிதுக்கினால் பருப்பு சுவருக்குப் பறக்கும், கிரேஸ் ஓடிப்போய் எடுத்து வருவாள். அத்தனை நாள் பண்டிகைகளில் எத்தனையோ பேருக்குச் சமைத்திருக்கிறேன். என் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சமையலுக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

கேக் இல்லாமல் கிறிஸ்துமஸா என்று எனக்கு ரோஷம் வந்தது. கோழி இட்டிருந்த முட்டைகளைக் கேட்டு வாங்கி, கேழ்வரகு மாவும் வெல்லமும் சேர்த்துக் கலக்கி, சட்டியில் ஊற்றி மேலும் கீழும் தணல் போட்டேன். மெஸ்ஸில் என் கேக்கை ஆபீசர்கள் புகழ்வார்கள் என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே தணலை விசிறினேன். வெளியே எடுத்தபோது அது செங்கல். கத்தி இறங்கவில்லை. உன் அம்மா அம்மிக்கல்லைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். உடைத்துத்தான் தின்றோம். பாஷா பாய் வீட்டுக்கும் ஒரு தட்டில் அனுப்பினோம், குதிரை நன்றாகச் சாப்பிட்டது என்று அவர் சொல்லி அனுப்பினார்.

மத்தியானம் இலைபோட்டு உட்கார்ந்தோம். சோறு, பிதுக்கிய அவரைப்பருப்புக் குழம்பு, ஆளுக்குப் பாதி முட்டை. ஜெபம் பண்ணச் சொல்லி உன் அம்மா உன்னைப் பார்த்தாள். நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒவ்வொன்றுக்காக நன்றி சொன்னாய். புதுச் சட்டைக்காக, குழம்புக்காக, கோழிக்காக. அப்புறம், "பட்டாளத்த சண்டைக்கு அனுப்பி எங்கப்பாவ வீட்ல வெச்சியே, அதுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்," என்றாய்.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. இதைத்தான் உன்னிடம் இதுவரை சொல்லாமல் இருந்தேன். சொன்னால் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று நீ வருத்தப்படுவாயோ என்று இருந்தது. அந்தப் பட்டாளம் போன நாளை நான் தினமும் காலையில் எழுந்ததும் சபித்துக்கொண்டிருந்தேன், எபி. அதே நாளுக்காக நீ நன்றி சொல்கிறாய். என் வீட்டில் நடந்ததிலேயே கெட்ட காரியம் என்று நான் நினைத்ததுதான் உனக்குக் கிடைத்ததிலேயே நல்ல காரியம். அந்தப் பையனிடம் மறுநாள் நான் கப்பலேறப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? உன் அம்மா என்னைப் பார்க்காமல் சோறு பரிமாறினாள். என் இலையில் மட்டும் குழம்பைக் கொஞ்சம் கூட ஊற்றினாள்.

மறுநாள் ஜோசப் அண்ணன் வந்தார். வரவில்லை அண்ணே என்றேன். அவர் நம்பவில்லை. "பைத்தியமா உனக்கு? பசியில மூளை கலங்கிப்போச்சா? பிள்ளைங்கள இன்னாத்த வெச்சிக் காப்பாத்தப் போறே?" என்று சத்தம் போட்டார். அவர் கேட்டது நியாயம். "தெரியல அண்ணே. இருந்து பார்க்கிறேன்," என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகு உள்ளே போனேன். உன் அம்மா முகத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, "அவரைக்காய் மிச்சம் இருக்குதுங்க. இன்னிக்கும் அதேதான்," என்றாள்.

அதன்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த சில மாதங்கள் முன்னைவிட மோசமாக இருந்தன, கோழியும் போயிற்று. அப்புறம் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை கிடைத்தது. மெஸ்ஸில் வாங்கியதில் பாதிக்கும் கொஞ்சம் கூடத்தான் சம்பளம். ஆனால் டிசம்பரில் பெண்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஹாஸ்டலை மூடிவிடுவார்கள். அதனால் கிறிஸ்துமஸுக்கு நான் வீட்டில் இருந்தேன். ஜோசப் அண்ணன் பஸ்ராவிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்தார். நல்ல பணத்தோடு வந்தார், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் வீடு வாங்கினார், அவர் பிள்ளைகள் காலேஜில் படித்தார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தி ரயில்வேக்கு அனுப்பவேண்டி வந்தது. நான் அன்றைக்குப் போயிருந்தால் நீயும் படித்திருப்பாய். இதையும் மறைக்கமாட்டேன். போகாமல் இருந்தது புத்திசாலித்தனம் என்று யாரிடமும் சாதிக்கமாட்டேன்.

ஆனால் சண்டை முடிகிற வருஷம் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு சாவு. உன் அம்மா மூன்றே நாள் படுத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன், அது உனக்கு நன்றாக நினைவிருக்கும். பிடி அரிசியைத் திருப்பி வாங்கிக்கொண்டு சிரித்த அந்தக் கிறிஸ்துமஸையும் சேர்த்து, அவளோடு எனக்குக் கிடைத்தவை மூன்று கிறிஸ்துமஸ்கள். ஜோசப் அண்ணன் திரும்பி வந்து துக்கம் கேட்க உட்கார்ந்தபோது, தலையைக் குனிந்துகொண்டு, "நீ வராததே சரி தம்பி," என்றார். எனக்குக் கிடைத்ததை நான் கணக்குப் பார்த்துச் சம்பாதிக்கவில்லை. அது தானாக வந்தது, வந்தபோது பட்டினி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. அதனால்தான் ஆண்டவர் கொடுப்பதை நாம் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வோம் என்று நான் நம்புவதில்லை. கொடுக்கிறார் என்பதை மட்டும் நம்புகிறேன். என் விசுவாசம் அவ்வளவுதான், அதற்குமேல் போதகரைக் கேட்டுக்கொள்.

உன் காரியத்துக்கு வருகிறேன். சர்க்கரை இல்லாவிட்டால் வெல்லம் போடு, வெல்லமும் இல்லாவிட்டால் விடு. ஸ்டெல்லாவிடம் பழைய புடவை ஏதாவது நல்லதாக இருந்தால் பெண்ணுக்குக் கவுன் தைக்கலாம், எப்படி வெட்டுவது என்று கிரேஸ் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறாள். அக்கம்பக்கத்தில் யாராவது ஏதாவது கொடுத்தால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல் வாங்கிக்கொள். உன்னிடம் இருப்பதில் ஒரு கரண்டி அவர்களுக்கும் கொடு. டியூட்டிக்குப் போவதற்காக ஸ்டெல்லாவிடமும் பிள்ளைகளிடமும் குற்றவாளி மாதிரி முழிக்காதே. நீ இல்லாத வீட்டில் பண்டிகை எப்படி நடக்கும் என்று நினைக்கிறாய். நடக்கும். உன் அம்மா எத்தனையோ வருஷம் நடத்தினாள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். கிரேஸுக்குப் பள்ளிக்கூடம் அடைத்ததும் நாங்கள் இருவரும் மூன்றாம் வகுப்பில் ஏறி வருகிறோம். கூட்டத்தில் நசுங்கிவிடுவேன் என்று அவள் பயப்படுகிறாள், நசுங்கமாட்டேன். எங்களைக் கூட்டிப்போக நீ ஸ்டேஷன் வேலையை விட்டுவிட்டு வரவேண்டாம், வழி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். பண்டிகையன்று விடியற்காலையில் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. சமையலும் என்னுடையது, கேக்கைத் தவிர. நீ எந்நேரத்துக்கு டியூட்டி முடிந்து வந்தாலும் சரி, உனக்கும் சேர்த்து இலை போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்போம். நீ வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் ஜெபம்.

உன் அப்பா